பழைய டிராக்டர் அடிக்கடி சூடாகிறதா? முதலில் ஊற்றும் தண்ணீரைப் பாருங்கள்

சொர்ணவாரி நடவுக்குச் சேடை ஓட்டும் நாட்களும் கத்திரி வெயிலும் நெட்டப்பாக்கம் பக்கம் ஒன்றாகத்தான் வருகின்றன. மேலே நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில், கீழே முழங்கால் சேறு, பின்னால் ரோட்டவேட்டர், சக்கரத்தில் கேஜ் வீல். பதினைந்து, இருபது வருடம் ஓடிய டிராக்டருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. பத்து மணிக்கு மேல் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறும். டிரைவர் வண்டியை வரப்போரம் நிறுத்துவார், பக்கத்து மோட்டார் கொட்டகையில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்து ரேடியேட்டரில் ஊற்றுவார், மறுபடி ஓட்டுவார். மறுநாளும் இதே கதை.

இன்ஜின் வீக்காகிவிட்டது, வண்டியைக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. அந்த முடிவுக்குப் போகும் முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, ரேடியேட்டருக்குள் இத்தனை வருடமாக ஊற்றிய தண்ணீர். இன்னொன்று, ரேடியேட்டரின் முகத்தில் அடைந்திருக்கும் தூசியும் சண்டும். பழைய வண்டி சூடாவதற்கான காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். இரண்டையும் நாமே வீட்டில் சரி செய்யலாம். கவனிக்காமல் விட்டால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு ஒரு பக்கம். நாற்று முற்றும் நேரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் வாடகை வண்டிக்கு அலைவது இன்னொரு பக்கம்.

இங்கே சொல்வது டிராக்டரை மனதில் வைத்துத்தான். பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் அநேகமாக எல்லாம் பொருந்தும்.

சூடு எங்கே போகிறது

நாம் ஊற்றும் டீசலின் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் வேலையாகப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, தெர்மோஸ்டாட் வழி திறந்து மூடுகிறது, ஃபேன் முன்பக்கமிருந்து காற்றை இழுக்கிறது. சாலையில் ஓடும் காருக்கு எதிர்க்காற்றும் கை கொடுக்கும். சேற்றில் நடை வேகத்தில் போகும் டிராக்டருக்கும், ஒரே இடத்தில் நின்று கதிரடிக்கும் டிராக்டருக்கும் ஃபேன் ஒன்றுதான் கதி. அதனால்தான் ரோட்டில் டிரெய்லரோடு ஓடும்போது தெரியாத குறை, சேடையிலும் களத்திலும் தெரிந்துவிடுகிறது.

போர் தண்ணீர் செய்யும் வேலை

வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சும் வெந்நீர்ப் பானையின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படிந்திருந்தால், அதே படிவு உங்கள் இன்ஜினுக்குள்ளும் இருக்கிறது. பானையில் அதைச் சுரண்டிவிடலாம். சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர் அறையிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் கை போகாது.

இந்தப் படிவு சூட்டைக் கடத்தாது. காய்ச்சிய பாத்திரத்துக்கும் கைக்கும் நடுவே துணி வைப்பது போலத்தான் அது. இன்ஜின் சுவர் கொதிக்கும், ஆனால் அந்தச் சூடு தண்ணீருக்கு வந்து சேராது. இதில் ஒரு ஆபத்து உண்டு. மீட்டர் காட்டுவது தண்ணீரின் சூட்டை மட்டுமே. படிவு கட்டிய இடத்தில் இரும்பு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை எந்த முள்ளும் காட்டாது.

தண்ணீர் ஆவியாகப் போகும்போது அதிலுள்ள உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் ஒரு லிட்டர் ஆவியாகி, தினமும் ஒரு லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினால், முப்பது நாளில் முப்பது லிட்டர் தண்ணீரின் உப்பு பத்து லிட்டர் பிடிக்கும் ரேடியேட்டருக்குள் சேர்ந்திருக்கும். அடிக்கடி தண்ணீர் ஊற்றுவதைப் பராமரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நோயை வளர்ப்பதே அதுதான்.

எல்லா போர் தண்ணீரும் ஒரே மாதிரி கெடுதல் செய்வதில்லை. சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கடினத் தண்ணீர் படிவு கட்டும். பாகூர் கொம்யூனின் கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. அப்படிப்பட்ட கரிப்புத் தண்ணீர் படிவதைவிட அரிப்பதில் கெட்டி. இன்ஜின் பிளாக்கின் வார்ப்பிரும்பைத் துருவாக்கி, வாட்டர் பம்பின் விசிறி இதழ்களைத் தின்று, ரேடியேட்டரின் பித்தளைக் குழாய்களில் ஊசித் துளை போடும். ரேடியேட்டர் தண்ணீர் செங்காவி நிறமாகத் தெரிந்தால் அந்த வேலை நடக்கிறது என்று பொருள். பாசனத்துக்காகத் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பயிருக்கு ஆகாது என்று வந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. பயிருக்கு ஆகும் என்று வந்த தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பங்காரு வாய்க்காலிலோ ஏரியிலோ மொண்ட தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் வண்டல் உண்டு. அந்த வண்டல் ரேடியேட்டரின் அடித்தொட்டியிலும் பிளாக்கின் அடியிலும் போய்ச் சேறாக உட்காரும்.

அப்படியானால் எதைத்தான் ஊற்றுவது? மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழை மாடியைக் கழுவிப் போன பிறகு, அடுத்த மழையில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, பிளாஸ்டிக் கேனில் மூடி வையுங்கள். ஒரு டிராக்டருக்கு இரண்டு இருபது லிட்டர் கேன் போதும். வருடம் முழுக்க வரும். இரும்பு டிரம்மில் வைக்க வேண்டாம். மழைநீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை.

கூலன்ட் எதற்கு? இங்கே பனி உறையாதே

இந்தக் கேள்வி நியாயமானது. கூலன்ட்டை ஆன்டி ஃப்ரீஸ் என்றும் சொல்வதால், குளிர் நாட்டுச் சரக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்கு அதில் பயன்படுவது வேறு இரண்டு குணங்கள். துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகள் அதில் கலந்திருக்கின்றன. தண்ணீர் கொதிக்கும் நிலையையும் அது உயர்த்துகிறது. பாதிக்குப் பாதி கலந்தால், மூடி இல்லாமலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது.

சில இன்ஜின்களில் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கமே நேராகத் தண்ணீரில் நிற்கும். வெட் லைனர் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். இன்ஜின் அதிரும்போது லைனர் சுவரில் சிறுசிறு குமிழ்கள் உண்டாகி உடைந்து, காலப்போக்கில் ஊசி குத்தியது போலத் துளை போட்டுவிடும். நல்ல கூலன்ட் இதையும் தடுக்கும். உங்கள் வண்டி இந்த வகையா என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகை என்றால் வெறும் தண்ணீரில் ஓட்டாதீர்கள்.

கலக்கும் அளவில் கை தாராளம் வேண்டாம். கூலன்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் துருவைத் தடுக்காது. பாதிக்கு மேல் போனாலும் கெடுதல்தான், ஏனென்றால் சூட்டைச் சுமப்பதில் அது தண்ணீரைவிட மட்டம். கடையில் இரண்டு விதமாக விற்கிறார்கள்: தண்ணீர் கலக்க வேண்டியது, கலக்காமல் அப்படியே ஊற்றுவது. டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டு கம்பெனிச் சரக்கைக் கலக்க வேண்டாம். நிறம் வெறும் சாயம், உள்ளே இருக்கும் மருந்து வேறாக இருக்கலாம். பழைய வண்டிக்கு எந்த வகை என்பதை டிராக்டரின் கையேட்டிலோ டீலரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. குறையும்போது டாப்-அப் செய்வதும் கலந்த கூலன்டாகவே இருக்கட்டும். வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் ஆறு மாதத்தில் பெயருக்குத்தான் கூலன்ட் இருக்கும்.

ரேடியேட்டரின் முகம்

உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் சூடானால், பானெட்டைத் தூக்கி ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அடிக்கும் வெளிச்சம் மறுபக்கம் தெரிய வேண்டும். கதிரடிப்பு முடிந்த வண்டியில் பாதி இடத்தில் வெளிச்சமே தெரியாது. நெல் சண்டு, வைக்கோல் தூசி, கரும்புச் சோகைத் துண்டு, பூச்சி, அவற்றின் மேல் இன்ஜின் ஆயில் கசிவு சேர்ந்து பசை போட்ட மாதிரி அடைத்திருக்கும். சேடை ஓட்டிய வண்டியில் அடிப்பாகம் முழுக்கக் காய்ந்த சேறு.

சுத்தம் செய்யும்போது பலர் முன்பக்கமிருந்து தண்ணீர் அடிக்கிறார்கள். காற்று வந்த வழியிலேயே அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். முதலில் காய்ந்த நிலையில் காற்று, பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீர். ஆயில் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன் வேண்டாம். மெல்லிய தகடுகள் ஒரே அடியில் மடங்கிவிடும். மடங்கிய தகடு வழியே காற்று போகாது. ஏற்கெனவே மடங்கியிருந்தால் மழுங்கிய கத்தி முனையால் பொறுமையாக நிமிர்த்தலாம். கம்பியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ நோண்டினால் குழாய் ஓட்டையாகும். இவையெல்லாம் இன்ஜின் ஆறிய பிறகு, நிறுத்திய நிலையில் மட்டும்.

கதிரடிப்பு, வைக்கோல் கட்டும் நாட்களில் முன் வலையை மதிய இடைவேளையில் ஒருமுறை தட்டிவிடுங்கள். களத்தில் வண்டியை நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, தூசி ரேடியேட்டர் முகத்துக்கு வராதபடி நிறுத்துவது ஒரு பைசா செலவில்லாத வேலை. வைக்கோல் போரும் டிராக்டரும் ஒரே கொட்டகையில் இருந்தால் எலியையும் மறக்க வேண்டாம். ரப்பர் ஹோஸைக் கடிக்கும், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கூடு கட்டும். பருவம் தொடங்கும் முன் முதல் வேலையாக அங்கே எட்டிப் பாருங்கள்.

பழைய வண்டிகளில் நான் பார்க்கும் இன்னொரு குறை, ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய தகட்டு வளையமே காணாமல் போயிருப்பது. எப்போதோ ரிப்பேருக்குக் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை. அது வெறும் கைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்ததல்ல. அது இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் ஓரத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். ஃபேனை முன்பின் மாற்றி மாட்டியிருந்தாலும் இழுவை வெகுவாகக் குறையும்.

மூடி, பெல்ட், ஹோஸ், பம்ப்

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான், ஆனால் அது ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் தடுக்கிறது. 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடியோடு ஓட்டினால் 100 டிகிரியிலேயே கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியேறும். மூடியின் மேல் அழுத்த அளவு பொறித்திருக்கும். அதே அளவில் வாங்குங்கள். கார் மூடி கெட்டியாக இருக்கிறதே என்று அதிக அழுத்த மூடியை மாட்டினால், ஈயம் வைத்து ஒட்டிய பழைய ரேடியேட்டர் மூட்டுகளில் வாய் பிளக்கும். மூடி தொலைந்துபோய்ப் பிளாஸ்டிக் பையைக் கட்டி ஓட்டும் வண்டிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஃபேன் பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். பக்கவாட்டில் கண்ணாடி போலப் பளபளத்தால் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிகவும் இறுக்கினாலோ வாட்டர் பம்ப் பேரிங் போகும். பெட்டியில் ஒரு புது பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.

கீழ் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பம்ப் தண்ணீரை இழுப்பது அந்த வழியாகத்தான். ரேஸ் செய்யும்போது தளர்ந்த ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகித் தண்ணீர் ஓட்டத்தையே அடைத்துவிடும். நிறுத்தியதும் பழைய உருவத்துக்கு வந்துவிடுவதால் கண்ணில் படாது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்; ஒருநாள் பம்ப் உடைந்து ஃபேன் ரேடியேட்டரில் பாயும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

வண்டி சூடாகிறது என்று போனால், தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போட்டுவிட்டு "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழியையும் மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் பம்புக்குத் திரும்பி, வண்டி முன்பைவிட அதிகம் சூடாகும். மற்ற இன்ஜின்களில் நேர் எதிர். மார்கழிக் காலையில் லோடு இல்லாமல் ஓடும்போது இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. டீசல் சரியாக எரியாமல் புகை தள்ளும், ஆயில் கெடும், லைனர் தேயும். இந்தத் தேய்மானம் சத்தமில்லாமல் நடப்பதால் யாரும் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்வதில்லை.

அது வேலை செய்கிறதா என்று அடுப்பங்கரையிலேயே பார்த்துவிடலாம். கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். திறக்கும் சூடு அதன் மேலேயே பொறித்திருக்கும். பல பழைய வண்டிகளில் 71 முதல் 82 டிகிரிக்குள் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும். கொதித்த பிறகும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள். பழைய டெம்பரேச்சர் மீட்டரின் முனையையும் அதே கொதிநீரில் வைத்துப் பார்க்கலாம். மெல்லிய செப்புக் குழாயோடு வரும் மீட்டரில் முள் 100 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மீட்டர் வேலை செய்யாத டிராக்டரைச் சேடையில் இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

முழுதாகக் கழுவி மாற்றும் முறை

வருடத்துக்கு ஒருமுறை, சொர்ணவாரி உழவுக்கு முன் செய்வது வசதி. வண்டி முழுதாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியிலுள்ள காக்கைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலானோர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு வடிகால் இருக்கும். அதைத் திறக்காவிட்டால் பழைய தண்ணீரில் பாதி உள்ளேயே நிற்கும். பத்து வருடமாகத் திறக்காத பிளாக்கில் அந்தத் துளையே வண்டலால் அடைத்திருக்கும். திறந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். முதலில் சேறு வரும், பிறகு தண்ணீர்.

படிவு கட்டிய வண்டிக்குக் கடையில் விற்கும் ரேடியேட்டர் ஃப்ளஷ் மருந்தை டப்பாவில் சொன்ன அளவுக்கு ஊற்றி, சொன்ன நேரம் ஓட்டி, வடித்துவிட்டு, வரும் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். கழுவப் போர் தண்ணீர் போதும். கடைசிக் கழுவல் மட்டும் மழைநீர். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். படிவோடு சேர்த்து ஈய மூட்டையும் அலுமினியப் பாகங்களையும் அது தின்னும். இன்னொரு எச்சரிக்கை: மிகப் பழைய ரேடியேட்டரில் அந்தப் படிவுதான் ஊசித் துளைகளை அடைத்துக்கொண்டிருக்கும். ஃப்ளஷ் செய்ததும் சொட்டத் தொடங்கினால் மருந்தின் மேல் பழி போடாதீர்கள். ஆகவே நடவு நெருக்கத்தில் இதைச் செய்யாமல், ரேடியேட்டர் கடைக்குப் போக நேரம் இருக்கும்போது செய்யுங்கள். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் அந்தக் கடையில் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்துத் தருவார்கள். பழைய ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டு மலிவான புதிது வாங்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

சொட்டும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது நம் பக்கம் பழைய வைத்தியம். வயலிலிருந்து வீடு வந்து சேர உதவும் என்பது உண்மைதான். அந்தத் தூள் ஓட்டை எது, நல்ல குழாய் எது என்று பார்த்து அடைப்பதில்லை. வீடு வந்ததும் வடித்துக் கழுவி, ஓட்டையைப் பற்றவைத்துவிட வேண்டும்.

புதிதாக ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது. மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் இறங்கும். அப்போது மீதியை ஊற்றி மூடுங்கள். கழுத்து வரை வழிய நிரப்ப வேண்டாம், தண்ணீர் சூட்டில் விரிய இடம் வேண்டும்.

வயலில் முள் சிவப்புக்குப் போனால்

முதலில் லோடை எடுங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி, பி.டி.ஓ.வை நிறுத்தி, நியூட்ரலில் சற்றே ரேஸ் வைத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பெரும்பாலும் முள் இறங்கிவிடும். சட்டென்று ஆஃப் செய்தால் பம்பும் நிற்கும், அந்த நேரத்தில் ஹெட்டில் இருக்கும் சூடு அங்கேயே தேங்கும். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டினாலோ, ஆவி பீறிட்டாலோ உடனே ஆஃப் செய்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஹெட்டுக்குச் செலவு.

மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் காய்ந்திருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு நேரே பாயும். முகம், கழுத்து, மார்பு வெந்து ஆஸ்பத்திரிக்குப் போவது இப்படித்தான். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். பிறகும் ஈரச் சாக்கை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் படி வரை மட்டும் திருகி, சத்தம் அடங்கியபின் முழுதாகத் திறங்கள். மீறி வெந்நீர் பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேஸ்ட்டு, இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம்.

காய்ந்த இன்ஜினில் மோட்டார் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இன்ஜின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, ஐடிலில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே சரி.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் சூடானால், காரணம் ரேடியேட்டரில் இல்லாமலும் இருக்கலாம். அடைத்த ஏர் ஃபில்டர், குறைந்த இன்ஜின் ஆயில், டைமிங் தவறிய டீசல் பம்ப், வண்டியின் குதிரைத்திறனுக்கு மீறிய ரோட்டவேட்டர் ஆகியவையும் சூடேற்றும். கனமான களிமண்ணில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அதிலேயே முள் இறங்கினால் குறை லோடில்தான்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

கசிவு எதுவும் வெளியே தெரியவில்லை, ஆனால் தினமும் தண்ணீர் குறைகிறது என்றால் சந்தேகப்படுங்கள். காலையில் ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கழுத்தில் விடாமல் குமிழி வந்தாலோ, தண்ணீர் துப்பினாலோ, சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள் போயிருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.

கேஸ்கட் மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்த்தகடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் ஃபேசிங் போட வேண்டும். அதைச் செய்யாமல் புது கேஸ்கட்டை மட்டும் வைத்தால் அடுத்த போகத்துக்குள் மறுபடி போகும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசையிலும் இறுக்கத்திலும், டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குகிறார்களா என்றும் நின்று பாருங்கள். பழைய டிராக்டரை இரண்டாம் கையாக வாங்கப் போகிறவர்களுக்கும் இதே குமிழிச் சோதனைதான். விற்பவர் வண்டியை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வடித்த கூலன்டை எங்கே கொட்டுவது

பெரும்பாலான கூலன்ட்களில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். களத்தில் தட்டில் பிடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், நாயோ கன்றுக்குட்டியோ வந்து நக்கிக் குடித்துவிடும். சிறிது குடித்தாலும் சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாட்டுக்கென்றால் கால்நடை மருத்துவரிடம். வடித்ததை வாய்க்காலிலோ குட்டையிலோ ஊற்றாமல், மூடியுள்ள பழைய கேனில் பிடித்து, மேலே பெரிதாக "விஷம்" என்று எழுதி, வேஸ்ட் ஆயில் எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குடிதண்ணீர் கேனிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ அதைப் பிடித்து வைக்க வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குக்கூட.